போகிக்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போகி வருகிறது. டயர் எரிக்காதீர்கள், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று வருடா வருடம் உங்கள் பத்திரிகையிலும் போடுகிறீர்கள், அரசாங்கமும் சொல்கிறது, சொல்ல வேண்டியதுதான். அந்த நெருப்பில் பழைய பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த தலையணையோடு சேர்ந்து போகிற இன்னொன்றைப் பற்றி யாராவது எழுதுவார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தாத்தா, பூட்டன் காலத்துக் காகிதங்களைத்தான் சொல்கிறேன். கடிதம், கணக்கு நோட்டு, டைரி, மொய் நோட்டு, மணியார்டர் ரசீது, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், கப்பல் டிக்கெட். கிரயப் பத்திரமும் பட்டாவும் பீரோவில் பூட்டிப் பத்திரமாக இருக்கும், அதில் யாரும் கை வைப்பதில்லை. மற்றதெல்லாம் "இது எதுக்கு, பூச்சி அடையுது" என்ற ஒரே பேச்சில் வாசலுக்கு வந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது ரொம்ப மோசம். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பெரிய வீடுகளைப் பங்காளிகள் பேசி முடித்து இடிக்கும்போது தேக்குத் தூணுக்கு ஒரு விலை, நிலைக்கதவுக்கு ஒரு விலை, பெல்ஜியம் கண்ணாடிக்கு ஒரு விலை, எனாமல் சாமானுக்கும் ஒரு விலை என்று தனித்தனியாகப் பேசி எடுத்துப் போகிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் போய்ப் பார்த்தால் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறது. அதே வீட்டின் கணக்கு மேசைக்குள் இருந்த காகிதம் மட்டும் கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அந்தத் தேக்கு எந்த வருடம் பர்மாவிலிருந்து வந்தது, அதற்கான பணத்தைச் சம்பாதித்தது யார், அவர் எத்தனை வருடம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காமல் அங்கே கிடந்தார் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. அது போனால் தூண் வெறும் மரம்தான்.

நாங்கள் பெரிய வீட்டுக்காரர்கள் இல்லை. எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் ஒரு செட்டியாரின் லேவாதேவிக் கடையில், அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கிற கடையில், கணக்கெழுதியவர். அவருடைய தகரப் பெட்டியை எங்கள் அத்தை யார் சொல்லியும் கேட்காமல் வைத்திருந்தார். அதனால்தான் இந்தக் கடிதத்தையே எழுத முடிகிறது.

ஐயா சண்டைக்கு முன்னாடியே கப்பலேறி ஊர் வந்து சேர்ந்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை. பெட்டியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு நோட்டு இருந்தது, பென்சிலால் எழுதியது. விஷு வருஷம் பங்குனி மாதத்தில் தொடங்குகிறது, அதாவது 1942 மார்ச் கடைசி. மாண்டலே, மோனிவா, கலேவா, தாமு, பலேல், இம்பால், திமாப்பூர் என்று வரிசையாக ஊர்ப்பெயர், பக்கத்தில் தேதி, அதற்குப் பக்கத்தில் அரிசிக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று செலவு. தாமுவுக்கு வரும்போது சித்திரபானு வருஷம் பிறந்துவிட்டது. வருஷப்பிறப்பன்று எழுதியதில் செலவு ஒன்றுமில்லை, "கூட்டாளிக்கு ஜுரம், நடக்க ஏலவில்லை" என்று மட்டும் இருக்கிறது. அடுத்த பக்கத்திலிருந்து செலவெல்லாம் ஒரு ஆளுக்கு ஆகிவிடுகிறது. அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் குண்டு விழுந்ததும், 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும், லட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே ஓடிவந்ததும், வழியில் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆயிரக்கணக்கில் செத்ததும், வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை மற்றவர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து அனுப்பியதும் சரித்திரத்தில் இருக்கிறது, தேடிப் படித்தால் கிடைக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் எங்கள் ஐயாவும் இருந்தார் என்பது அந்த நோட்டில் மட்டும்தான் இருந்தது. அவர் ஏன் கடைசிவரை பர்மா பேச்சு எடுத்தாலே எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார் என்று எங்களுக்குப் புரிந்ததும் அப்போதுதான். வீட்டில் வாய்வழியாக வருகிற கதை பொய் என்று நான் சொல்லவில்லை. கேட்பவர் மனசு நோகக் கூடாது என்று சொல்பவர் கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருப்பார், அடுத்தவர் இன்னும் கொஞ்சம் மாற்றுவார், இரண்டு தலைமுறையில் நடந்து வந்தவர் கப்பலில் வந்தவராகிவிடுவார். செலவு எழுதிவைத்த நோட்டில் அப்படி மாற யாரும் கை வைப்பதில்லை.

அடுத்து கம்பி. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட வாசகர்கள் பார்த்திருப்பார்கள், அடியில் ஒரு வட்டப் பலகை, அதில் குத்தி நிறுத்திய நீளக் கம்பி, மேலே கொக்கிபோல் வளைத்து உத்தரத்தில் மாட்டியிருப்பார்கள். வருகிற கார்டும் கவரும் படித்து முடித்ததும் அதில் குத்திவிடுவது. எங்கள் வீட்டுக் கடிதம் ஒவ்வொன்றிலும் நட்ட நடுவில் ஓட்டை இருக்கும், சுற்றி துருக் கறை. இந்தக் கம்பி கிடைத்தால் அவசரப்பட்டு உருவி "அப்பா எழுதியது ஒரு கட்டு, மாமா எழுதியது ஒரு கட்டு" என்று பிரித்துவிடாதீர்கள். முதலில் வந்தது அடியில், கடைசியில் வந்தது மேலே, அந்த வரிசைதான் முக்கியம். மேலிருந்து ஒன்றொன்றாக எடுத்து, மூலையில் பென்சிலால் எண் போட்டு, படம் எடுத்து, பிறகு கம்பியிலிருந்து விடுதலை கொடுங்கள். துரு போகப் போகக் காகிதத்தைத் தின்றுவிடும், அதனால் கம்பியிலேயே விட்டுவைப்பதும் சரியில்லை.

ஏன் வரிசை என்கிறேன் என்றால், பாதிக் கடிதத்தில் தேதி இருக்காது. "உ" போட்டு, சிவமயம் எழுதி, "இவ்விடம் அனைவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்" என்று தொடங்கி நேராக விஷயத்துக்குப் போய்விடுவார்கள். தேதி போட்டாலும் தமிழ் வருஷம்தான். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், வெறுமனே "தாது வருஷம்" என்றிருந்தால் அது பெரும் பஞ்சம் வந்த 1876ஆ, 1936ஆ என்று காகிதத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் கவரும் தபால்தலையும் உதவிக்கு வரும். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்தார்கள். அதுவரை ரங்கூனிலும் நம்ம இந்தியத் தபால்தலைதான், பிரித்தவுடன் அதே தலைமேல் பர்மா என்று அச்சடித்துக் கொடுத்தார்கள், அப்புறம் தனித் தபால்தலையே வந்துவிட்டது. ஆகவே, தேதியில்லாத கடிதமாக இருந்தாலும் தலையைப் பார்த்தால் 37க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடலாம். கடிதத்தை வைத்துக்கொண்டு கவரைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. தபால்தலை சேர்க்கிற பையனுக்கு என்று தலையை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

கம்பியில் இல்லாத கடிதத்தையும் கவனிக்க வேண்டும். சாவுச் செய்தி சொல்லி வந்த கடிதம் ஒன்றுகூட எங்கள் கட்டில் இல்லை. மூலையில் கறுப்பு தடவி வரும் அந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். மஞ்சள் தடவியது மட்டும் தங்கும். அதனால் ஐயாவின் தங்கை எப்போது இறந்தார் என்பதற்குக் கடிதம் கிடையாது, ஒரு கார்டு வரை "தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம்" என்று வருவது அதற்குப் பிறகு எந்தக் கார்டிலும் வருவதில்லை. வரிசை கலையாமல் இருந்ததால் அந்த இடைவெளி ஏறக்குறைய மூன்று மாதத்துக்குள் என்று பிடிக்க முடிந்தது.

வீட்டுக் காகிதம் வீட்டுக்குள்ளேயே கிடந்து பிற்பாடு நாட்டுக்கே உதவிய கதை நம்மிடம் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து 1761இல் சாகும்வரை தினப்படி எழுதிவந்தார். என்ன கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் என்ன சொன்னார், யார் வீட்டில் என்ன விசேஷம், யார் தன்னைப் பற்றிக் கோள் சொன்னது, எல்லாம். அவர் அதைச் சரித்திரம் எழுதுவதாக நினைத்து எழுதவில்லை, தன் வசதிக்கு எழுதினார். அவர் போன பிறகு எண்பத்தைந்து வருடம் அது குடும்பத்தார் வசம் கிடந்தது, 1846இல் ஒரு பிரெஞ்சு அதிகாரி கண்ணில் பட்டுப் படியெடுத்தார், பிறகு 1904க்கும் 1928க்கும் நடுவே சென்னை அரசாங்கம் ஆங்கிலத்தில் 12 தொகுதியாகப் போட்டது. இன்றைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி யார் எழுதினாலும் அதைத் தொடாமல் எழுத முடியாது. இத்தனைக்கும் நடுவில் சில பகுதிகள் காணாமல் போய்விட்டன. அந்த எண்பத்தைந்து வருடத்தில் ஒரு மருமகளோ பேரனோ இடம் அடைக்கிறது என்று முழுசாகவே தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லார் வீட்டிலும் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரா என்று கேட்பீர்கள். இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று வாழ்நாள் முழுக்கக் கைக்காசு போட்டுச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை நம் மண்ணிலேயே வைத்து, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாமான்கள். ஒரு சாதாரணக் கல்யாணப் பத்திரிகையை வைத்து அந்தக் காலத்து அச்சு, சாதிப் பட்டம், ரயில் வசதி, கச்சேரி செய்தவர் பெயர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எவ்வளவோ எடுக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, ஆடிப் பதினெட்டில் ஏட்டையெல்லாம் ஆற்றில் விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களைப் பார்த்து நொந்துபோனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரே தனக்கு வந்த கடிதங்களை ஆயிரக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அன்றைக்கு ஆடிப் பதினெட்டு செய்ததை இன்றைக்குப் போகி செய்கிறது.

இதில் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஐயாவுக்கு அவர் அனுப்பிய கடிதமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பையன் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுதியது, கையெழுத்து மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பையன் அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறான், "பசு கன்னு போட்டிருக்கு, பால் ஒண்ணும் விக்கல, பிள்ளைக்கே காணல" என்று. அதைப் படிக்கும்போது அப்பத்தா குரலே கேட்கிறது. இன்னொரு பையன் எல்லாவற்றையும் வாத்தியார் தமிழில் திருத்தி "பசுவானது கன்று ஈன்றுள்ளது" என்று போட்டுவிட்டான். வீட்டு ஆண்கள் காகிதத்தைத்தான் நாம் காகிதம் என்று மதிக்கிறோம், பெண்கள் விட்டுப்போவது வேறு தினுசு. வெளுப்புக்குப் போட்ட துணிக்கணக்கு, பால் கணக்கு எழுதிய காலண்டர், கோலப் புள்ளி போட்ட நோட்டு, ஜாதகக் கட்டுக்குள் மடித்து வைத்த மருந்துச் சீட்டு. எங்கள் வீட்டில் பொக்கிஷம் என்று நான் சொல்வது மொய் நோட்டைத்தான். எங்கள் பெரிய அத்தை கல்யாண மொய் நோட்டில் ஊர்ப்பெயர், ஆள் பெயர், இன்னார் மகன், எந்த வகையறா, தொகை ரூபாய் அணா பை வரைக்கும் எழுதியிருக்கிறது. வம்சாவளி எழுத வேண்டுமென்று உட்கார்ந்தால் பெரியவர்களைக் கேட்டுக் கிடைப்பதைவிட அதில் அதிகம் கிடைக்கிறது, யார் யாரோடு உறவு அறுந்து மொய் நின்றுபோனது என்பது உட்பட. அதிலும் பெண் பெயர் அபூர்வம். பணம் கொடுத்தது அவளாக இருந்தாலும் எழுதியது புருஷன் பெயர். விதவையாக இருந்தால் மட்டும் அவள் பெயரே வரும். இதைக் கண்டுபிடிக்க எந்தக் கல்வெட்டும் தேவைப்படவில்லை, ஒரு அழுக்கு நோட்டு போதும்.

இப்போது அவசரம் ஏன் என்றால், படிக்கத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள், வார்த்தைக்கு வார்த்தை இடம் விட மாட்டார்கள், 1978இல் எழுத்தைச் சீர்திருத்தியதற்கு முந்தைய ணா, றா, னை, லை எல்லாம் வேறு வடிவம். கணக்கில் தமிழ் எண் வரும், மாகாணி, அரைக்கால், வீசம் என்று பின்னம் வரும், வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳, மேற்படிக்கு ௸ என்று குறி வரும். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்த பிறகு பிறந்தவர்களுக்கு அணாவே தெரியாது, இங்கிலீஷ் மீடியம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் கூட்டெழுத்தே தெரியாது. எண்பது வயதுக்காரர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால் பொங்கல் லீவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடிதத்தைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். வாசிக்கும்போதே "இவன் யாருன்னா..." என்று ஆரம்பிப்பார், நமக்கு வேண்டியது அதுதான், நிறுத்தாமல் ஓடவிடுங்கள். போட்டோ என்றால் பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

பாதுகாக்கிறேன் என்று சொல்லி நாசம் செய்வதும் நடக்கிறது, முக்கியமாக லேமினேஷன். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அம்மாவின் பள்ளிச் சான்றிதழை லேமினேட் செய்துவிட்டால் அந்தச் சூடும் பசையும் காகிதத்தோடு ஒட்டிப் பிறகு எந்த நிபுணராலும் சேதமில்லாமல் பிரிப்பது கடினம். செல்லோ டேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சளாகி, பசை எழுத்தின் மேல் இறங்கிவிடும். குண்டூசி, ஜெம் கிளிப் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய வேட்டித் துணி ஒன்றை நன்றாக அலசிக் காயவைத்து அதில் சுற்றி வையுங்கள். கஞ்சி போட்ட துணி கூடாது, கஞ்சிக்குத்தான் பூச்சி வரும். பரண் வேண்டாம், ஓட்டுச் சூட்டில் காகிதம் அப்பளம் மாதிரி ஆகிவிடும். தரையும் வேண்டாம், கரையான். பீரோவின் நடுத்தட்டு நல்லது. வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் முன்னோர்கள் ஏட்டுக்குப் போட்டதுதான், துணிக்கு வெளியே போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள், ஆனால் மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் மை வெளுத்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீட்டு ஆவணங்கள் நனைந்து, இனி உதவாது என்று வீசப்பட்டன. நனைந்த காகிதத்தைப் பிரிக்க முயலாமல் அப்படியே பாலித்தீன் உறையில் போட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தால் பூஞ்சை பிடிக்காமல் தாங்கும், விவரம் தெரிந்தவரிடம் காட்டப் பிறகு நேரம் கிடைக்கும். வெளியே விட்டால் இரண்டு நாளில் பூஞ்சைதான்.

படம் எடுக்க இப்போது போனே போதும். ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், காகிதத்தின் நான்கு ஓரமும் தெரிய, முன்பக்கம், பின்பக்கம், கவர் என்று எல்லாம். இடம் பற்றாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருப்பார்கள், உயிரான விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், "அவளிடம் சொல்ல வேண்டாம்" என்பது போல. எடுத்ததை வேறு வேறு வீட்டில் இரண்டு இடத்தில் வையுங்கள். வாட்ஸப் குரூப்பில் போட்டால் பாதுகாத்ததாகாது, படம் சுருங்கிவிடும், போன் மாறினால் அதுவும் போகும்.

சரி, கடிதத்தில் குடும்பத்துக்கு ஆகாத விஷயம் இருந்தால்? இருக்கும். கடன், பங்காளிச் சண்டை, அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது, யாரையோ சாதி சொல்லித் திட்டியது, எல்லாம் இருக்கும். பர்மாவுக்குப் போனவர்களில் பலருக்கு அங்கே மனைவியும் பிள்ளையும் இருந்தார்கள் என்பது நாம் பேசாமல் விட்ட சரித்திரம், 42இல் அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதும்தான். இதற்காக எரிக்காதீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்வரை தனி உறையில் போட்டு ஒட்டி வையுங்கள், மேலே ஒரு வரி எழுதுங்கள், யார் காலத்துக்குப் பிறகு பிரிக்கலாம் என்று. ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அழிக்கிற உரிமை நமக்கு இருக்கிறதா என்றுதான் யோசிக்க வேண்டும், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் அவர் பாட்டன்தான். இன்னொன்று, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது காகிதத்தையும் ஆளுக்குப் பாதி என்று பிரிக்க வேண்டாம். அக்கறை உள்ளவர் ஒருவர் வீட்டில் முழுசாக இருக்கட்டும், மற்றவர்களுக்கு நகல்.

அரசாங்கத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. எழும்பூர் ஆவணக் காப்பகம் நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது, அது பெரும்பாலும் அரசாங்கத்தின் காகிதத்துக்கு. குடும்பங்களின் காகிதத்துக்கு எங்கே போவது? புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்காரர்கள் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு நம் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பழைய பஞ்சாயத்துக் காகிதங்களைப் படம் எடுத்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் பட்ட அடியைச் சுமந்துகொண்டு, 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஒன்றைத் தொடங்கி நூல், பத்திரிகை, ஆவணம் எல்லாம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நம் மாவட்டங்களில் அப்படி ஒரு கதவு இல்லை. வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பணத்தில் மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஒரு அறை, மேலிருந்து படம் எடுக்கிற ஒரு ஸ்கேனர், பழைய கையெழுத்துப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இவ்வளவு செய்தால் போதும். கட்டைக் கொண்டுபோனால் கண் முன்னாலேயே படம் எடுத்து அசலை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும், நகல் நூலகத்தில் இருக்க வேண்டும், எதை வெளியே காட்டலாம் எதைக் கூடாது என்று குடும்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். அசல் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் வெளியே எடுப்பதில்லை, அந்தப் பயத்தை முதலில் போக்க வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் வாரம் ஒரு பழைய கடிதம் போடுங்கள், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, இரண்டு வரி விளக்கத்தோடு. மந்திரிக்கோ எழுத்தாளருக்கோ வந்த கடிதம் வேண்டாம், சாதாரண வீட்டுக் கடிதம். நான்கு வாரம் வந்தால் ஐந்தாவது வாரம் ஜனங்களே பரணில் ஏறுவார்கள். தொடங்குவதற்கு ஐயா ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய கிட்டங்கியிலிருந்து வெகுதானிய வருஷம் அனுப்பிய கார்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் செங்குத்தாக எழுதியிருப்பதை வெட்டாமல் போடவும்.

இப்படிக்கு,
சிவகங்கை மாவட்ட வாசகி